கடலை, அண்டிப்பருப்பு (முந்திரி) ஒத்துக்காத பிள்ளைய தீம் பார்க்குக்கு கூட்டிட்டுப் போலாமா?

அம்பாசமுத்திரம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா நீளமா எழுதிருக்காங்க. அடையாளம் தெரியாத அளவுக்கு விஷயத்தை மட்டும் சுருக்கி சொல்லுதேன். பையனுக்கு நாலரை வயசு, எடை 15 கிலோ. ஒன்றரை வயசுல யாரோ கையில குடுத்த கடலைமிட்டாய சப்புனதும் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு தடிப்பா வந்துருக்கு, அதோட கடலைய நிறுத்திட்டாங்க. போன வருஷம் சொந்தக்காரங்க கல்யாணத்துல, பாயாசத்துல கிடந்த அண்டிப்பருப்பை எல்லாம் பொறுக்கி எடுத்துட்டுதான் ரெண்டு கரண்டி ஊட்டிருக்காங்க. கால் மணி நேரத்துல ரெண்டு தடவை வாந்தி, விடாத இருமல், அப்புறம் பிள்ளை துவண்டு மடியில சாஞ்சிட்டான். பக்கத்து கிளினிக்ல அவில் ஊசி போட்டு, ஒரு மணி நேரம் கழிச்சு தெளிஞ்சிருக்கான்.

அதுக்கப்புறம் ஒரு லேப்ல அலர்ஜி பேக்கேஜ்னு ரத்தம் குடுத்துருக்காங்க. ரிப்போர்ட்ல பதினோரு சாப்பாட்டுக்கு பாசிட்டிவ்னு வந்துருக்கு, அதுல பால், கோதுமை, முட்டை எல்லாம் உண்டு. எட்டு மாசமா எல்லாத்தையும் நிறுத்தியாச்சு. தேங்காயும் ஒரு 'நட்'தானேன்னு யாரோ சொல்ல அதையும் நிறுத்தியாச்சு. பிள்ளைக்கு எடையே ஏறல.

இப்ப லீவுக்கு மைனி குடும்பத்தோட சேர்ந்து பாலருவி எக்ஸ்பிரஸ்ல கொச்சிக்குப் போயி, ஒரு நாள் முழுக்க வொண்டர்லா தீம் பார்க், மறுநாள் ஊர் சுத்திட்டு திரும்புறதா பிளான். வீட்டுல ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுதாங்க. மாமியார், "கொஞ்சம் கொஞ்சமா ஊட்டுனா தன்னால பழகிரும், நாங்கல்லாம் கடலை தின்னு வளந்தவங்கதான்"ங்காங்க. வீட்டுக்காரர், கிளம்புறதுக்கு முன்னாடி செட்ரிசின் சிரப் குடுத்துட்டா பயமில்லைங்காரு. இவங்களுக்கு, பிள்ளைய அவங்க அம்மா வீட்டுல விட்டுட்டு மத்தவங்க மட்டும் போயிட்டு வரலாமோன்னு தோணுது. கடலை வாசம் பட்டாலே ஏதும் ஆயிருமோ, பார்க்குக்குள்ள சாப்பாடு கொண்டு போக விடுவாங்களா, உள்ள வச்சு ஏதாவது ஆச்சுன்னா என்ன செய்யன்னு கேட்டு எழுதிருக்காங்க.

தாயி, உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். பிள்ளைய விட்டுட்டுப் போக வேண்டாம், கூட்டிட்டே போங்க. ஆனா அட்ரினலின் ஊசி மருந்து கையில இல்லாம, அதைப் போடத் தெரிஞ்ச ரெண்டு பெரியவங்க கூட இல்லாம, ரயில் ஏறாதீங்க. நான் சொல்ல வேண்டியதுல முக்கியமானது இதுதான், அதனால முதல்லயே சொல்லிட்டேன்.

கல்யாண வீட்டுல நடந்தது சாதாரண அலர்ஜி இல்ல

நீங்க அதை "பாயாசம் ஒத்துக்கல"ன்னு எழுதிருக்கீங்க. வாந்தி, இருமல், துவண்டு போறது மூணும் கால் மணி நேரத்துக்குள்ள ஒண்ணா வந்துருக்குன்னா அதுக்கு பேரு அனஃபிலாக்சிஸ். வயிறு, மூச்சு, ரத்த ஓட்டம்னு உடம்புல ஒண்ணுக்கு மேற்பட்ட இடத்துல ஒரே நேரத்துல அலர்ஜி பாயுதது. தடிப்பு வரலையேன்னு நினைச்சிருப்பீங்க, தோல்ல ஒண்ணுமே தெரியாம வர்ற அனஃபிலாக்சிஸும் உண்டு, அதைத்தான் பல பேரு தவற விடுதாங்க. பருப்பை பொறுக்கி எடுத்துட்டா போதும்ங்கறதும் சரி கிடையாது. நெய்யில வறுக்கும்போதே அதோட புரதம் நெய்யில இறங்கிரும், பாயாசத்துல கொதிக்கும்போது மிச்சமும் இறங்கிரும். பொங்கல், கேசரி, உப்புமா, பிரியாணி எல்லாத்துக்கும் இதேதான். பிள்ளைக்கு அது பொறுக்கி எடுத்த பாயாசம் இல்ல, அண்டிப்பருப்பு பாயாசமேதான்.

அவில் போட்டுத்தானே சரியாச்சுன்னு கேப்பீங்க. அவில், செட்ரிசின் எல்லாம் அரிப்பையும் தடிப்பையும் அடக்கும். தொண்டை வீங்குதையோ, மூச்சுக்குழல் சுருங்குதையோ, பிரஷர் இறங்குதையோ அது நிறுத்தாது, அதுக்கு அட்ரினலின்தான் வேணும். அன்னைக்கு அவன் உடம்பே தானா அட்ரினலின் சுரந்து மீண்டு வந்துருக்கு, அதுதான் நடந்துருக்கும்னு நினைக்கேன். அடுத்த தடவையும் அப்படியே மீளும்னு யாராலயும் சொல்ல முடியாது, போன தடவை லேசா வந்தது இந்தத் தடவை கடுமையா வரலாம்.

அதனாலதான் உங்க வீட்டுக்காரர் சொல்லுத சிரப் யோசனை எனக்கு பயத்தைக் குடுக்கு. முன்னாடியே செட்ரிசின் குடுத்தா அலர்ஜி வராம இருக்காது, முதல்ல வர்ற தடிப்பும் அரிப்பும்தான் வெளிய தெரியாம போகும். திருடன் வர்ற வீட்டுல நாயோட வாயைக் கட்டுன மாதிரி ஆயிரும். அவரு அக்கறையிலதான் சொல்லுதாரு, அதனால கோபப்படாம உக்கார வச்சு இதை விளக்குங்க.

அட்ரினலின் பத்தி கொஞ்சம் விரிவாவே சொல்லுதேன்

வெளிநாட்டுல பேனா மாதிரி ஒண்ணு இருக்கு, தொடையில அழுத்துனா தானா மருந்து ஏறிரும். நம்ம ஊரு மெடிக்கல்ல அது சாதாரணமா கிடைக்காது. ஆனா உள்ள இருக்க மருந்து எல்லா ஆஸ்பத்திரியிலயும் உண்டு, விலையும் கம்மி, சின்ன கண்ணாடி ஆம்பியூல்ல வரும். 1 மில்லியில 1 மில்லிகிராம்னு லேபிள்ல இருக்கும். பிள்ளையோட எடையில கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்ங்கறதுதான் கணக்கு. 15 கிலோன்னா 0.15 மில்லிகிராம், அதாவது 0.15 மில்லி. ஒரு ஆம்பியூல்ல ஆறுல ஒரு பங்கு கூட இல்ல, அதனால முழு ஆம்பியூலையும் உறிஞ்சிரக் கூடாது. இதை நான் எழுதுனது உங்களுக்கு புரியணும்னுதான். உங்க பிள்ளைய நேர்ல பாத்து, எடை போட்டு, உங்க குழந்தை டாக்டர் எழுதிக் குடுக்குத அளவுதான் கணக்கு.

டாக்டர்கிட்ட போகும்போது ரெண்டு பேரா போங்க, நீங்களும் கூட வர்ற இன்னொரு பெரியவரும். 0.01 மில்லி வரைக்கும் கோடு போட்ட 1 மில்லி சிரிஞ்ச் கேட்டு வாங்குங்க. சுகர்காரங்க இன்சுலின் போடுத சிரிஞ்ச் வேண்டவே வேண்டாம், அதுல ஊசி குட்டை, தசைக்குள்ள இறங்காது, கோடும் 40 யூனிட், 100 யூனிட்னு வேற வேற கணக்குல இருக்கும், பதட்டத்துல பத்து மடங்கு தப்பு வர அது ஒண்ணே போதும். டாக்டர்கிட்ட சொல்லி 0.15 கோட்டுல பெர்மனென்ட் மார்க்கரால ஒரு கோடு இழுத்து வாங்கிக்கிடுங்க.

அப்புறம் பழகணும். மெடிக்கல்ல டிஸ்டில்டு வாட்டர் ஆம்பியூல் கிடைக்கும், அதுல நாலஞ்சு வாங்கிக்கிட்டு, ஒரு சாத்துக்குடியும் எடுத்துக்கிட்டு வீட்டுல உக்காருங்க. ஆம்பியூலோட தலையில மருந்து தேங்கி நிக்கும், விரலால சுண்டி கீழ இறக்குங்க. கழுத்துல ஒரு பொட்டு இருக்கும், அந்தப் பொட்டு உங்களைப் பாக்குத மாதிரி பிடிச்சு, கைக்குட்டை சுத்தி, தலையை பின்பக்கமா ஒரு வெட்டு வெட்டுனா 'டக்'னு உடையும். முதல் தடவை பயத்துல மெதுவா அமுக்குவீங்க, அப்பதான் கண்ணாடி நொறுங்கும், ஒரே வேகமா உடைக்கணும். கோடு வரைக்கும் உறிஞ்சி, காத்தை தள்ளி, சாத்துக்குடியில நேரா குத்தி அமுக்குங்க. சாத்துக்குடியில கை வந்துட்டா, தொடையில எங்கன்னு டாக்டர் விரலை வச்சு காட்டுவாரு: தொடையோட நடுவுல, வெளிப்பக்கம். டவுசர் போட்டிருந்தா கழட்ட வேண்டாம், துணி மேலயே குத்தலாம், பாக்கெட்டுல எதுவும் இல்லையான்னு மட்டும் பாத்துக்கிடணும். புட்டத்துல போடக் கூடாது, கையிலயும் வேண்டாம்.

வெயில் இன்னொரு விஷயம். அட்ரினலின் 25 டிகிரிக்கு மேல நாள் கணக்குல கிடந்தா வீரியம் குறையும், வெளிச்சமும் ஆகாது. நிறுத்துன கார்லயோ, ரயில் ஜன்னலோரத்துலயோ வைக்காதீங்க. ஐஸ் மேல நேரா வைக்கவும் கூடாது. இன்சுலின் கொண்டு போற சின்ன கூல் பையில, துணி சுத்தி வச்சா போதும். மருந்து தெளிஞ்ச தண்ணி மாதிரி இருக்கணும், லேசா ரோஸ் நிறமோ பழுப்போ தெரிஞ்சா தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க. ஒரு ஆம்பியூலும் ஒரு சிரிஞ்சும் மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க, உடைஞ்சாலும் தாங்குத அளவுக்கு நாலு நாலா வச்சுக்கிடுங்க. ஊசி இருக்குதால பார்க் வாசல்ல செக்யூரிட்டி கேப்பாங்க, டாக்டர்கிட்ட லெட்டர்பேடுல ரெண்டு வரி எழுதி வாங்கி வச்சுக்கிட்டா பிரச்சினை இல்ல.

லேப் ரிப்போர்ட்டை நம்பி பட்டினி போடாதீங்க

ரத்தத்துல ஐஜிஇ (அலர்ஜியில உடம்பு உண்டாக்குத எதிர்ப்பொருள்) பாசிட்டிவ்னு வந்தா, உடம்பு அந்த உணவை அடையாளம் கண்டு வச்சிருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். சாப்பிட்டா அலர்ஜி வரும்னு அர்த்தம் கிடையாது. உங்க பையன் டெஸ்ட் எடுக்குத வரைக்கும் தினமும் பால் குடிச்சிருக்கான், கோதுமை தோசை சாப்பிட்டிருக்கான், முட்டையும் சாப்பிட்டிருக்கான், ஒண்ணும் ஆகலன்னு நீங்களே எழுதிருக்கீங்க. பிள்ளை சாப்பிட்ட கதை ஒண்ணும் ரிப்போர்ட் ஒண்ணும் சொன்னா, பிள்ளையோட கதையைத்தான் நாங்க முதல்ல நம்புவோம். கதையே இல்லாம மொத்தமா பேக்கேஜ் டெஸ்ட் எடுக்கக் கூடாதுன்னு சொல்லுததும் இதுக்குத்தான். வளர்ற வயசுல பாலையும் முட்டையையும் கோதுமையையும் ஒண்ணா நிறுத்துனா எடை எப்படி ஏறும்?

ஆனா நாளைக்கே ஒரு டம்ளர் பாலை நீட்டிராதீங்க. மாசக்கணக்கா நிறுத்துன உணவை, அதுவும் அலர்ஜி உடம்புள்ள பிள்ளைக்கு, திரும்பத் தொடங்கும்போது சில சமயம் புதுசா ரியாக்‌ஷன் வர்றது உண்டு. அதை டாக்டர் கண்ணு முன்னாடி வச்சு, கொஞ்சம் கொஞ்சமா தொடங்கணும். தேங்காய் விஷயம் அவ்வளவு சிக்கல் இல்ல. அண்டிப்பருப்பு அலர்ஜிக்கும் தேங்காய்க்கும் பொதுவா சம்பந்தம் கிடையாது, அமெரிக்காவுலயே 2025 ஜனவரியில, லேபிள்ல அலர்ஜின்னு போட வேண்டிய மர நட்டு (பாதாம், அண்டிப்பருப்பு மாதிரி மரத்துல காய்க்குத பருப்பு) லிஸ்ட்ல இருந்து தேங்காயை எடுத்துட்டாங்க. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு, ட்ரிப்புக்கு ரெண்டு வாரம் முன்னாடியே வீட்டுல வச்சு தொடங்கிருங்க, சொதியும் தேங்காய்ச் சட்னியும் இல்லாம நம்ம ஊருல ஒரு பிள்ளை வளரணுமா என்ன. கொச்சியில எதை எடுத்தாலும் தேங்காய் இருக்கும், அங்க போய் முதல் தடவையா குடுக்குதது சரிப்படாது.

உங்க பையன் உண்மையிலேயே ஒதுக்க வேண்டியது கடலையும் அண்டிப்பருப்பும். கூடவே பிஸ்தா. அண்டிப்பருப்பும் பிஸ்தாவும் ஒரே குடும்பம், ஒண்ணு ஆகலன்னா மத்ததும் பெரும்பாலும் ஆகாது. தூத்துக்குடி மக்ரூனை அண்டிப்பருப்பு சேர்த்துத்தான் செய்வாங்க, பாக்க வெறும் சீனி மிட்டாய் மாதிரி இருக்கும், சொந்தக்காரங்க ஆசையா வாங்கிட்டு வருவாங்க, கவனமா இருங்க. மரச்செக்கு கடலெண்ணெய்யையும் மறந்துராதீங்க. ஆலையில நல்லா சுத்திகரிச்ச கடலெண்ணெய்ல புரதம் அநேகமா இருக்காது, செக்குல ஆட்டுனதுல இருக்கும். இயற்கை, சுத்தம்னு சொல்லி இப்ப எல்லா வீட்டுலயும் செக்கெண்ணெய்தான் இருக்கு, இந்தப் பிள்ளைக்கு மட்டும் அது ஆகாது.

மாமியார் சொல்லுததுல பாதி உண்மை இருக்கு

அவங்களை ஒரேயடியா தள்ளிராதீங்க. 2015ல வெளியான லீப்ங்கற பெரிய ஆய்வுல, அலர்ஜி வர வாய்ப்பு அதிகமா இருந்த கைக்குழந்தைகளுக்கு 4 மாசத்துல இருந்து 11 மாசத்துக்குள்ளயே கடலை உணவு குடுக்கத் தொடங்குனதுல, பின்னாடி கடலை அலர்ஜி வர்றது வெகுவா குறைஞ்சுது. அப்ப அவங்க காலத்து பழக்கத்துல நியாயம் இருக்கு. ஆனா அது அலர்ஜி வராம தடுக்குத வழி. வந்த பிறகு வீட்டுல வச்சு ஊட்டிப் பழக்குனா அது உயிரோட விளையாடுத வேலை. கடலைப் பொடியை மில்லிகிராம் கணக்குல அளந்து, ஆஸ்பத்திரியில வச்சு ஏத்துத சிகிச்சை இருக்கு, 2020ல அமெரிக்காவுல 4 வயசு முதல் உள்ள பிள்ளைகளுக்கு அப்படி ஒரு மருந்துக்கு அனுமதியும் குடுத்தாங்க. அதுலயும் முதல் டோஸ், அளவு கூட்டுத டோஸ் எல்லாம் டாக்டர் முன்னாடிதான். அத்தைகிட்ட, "நீங்க சொல்லுத வழி இருக்கு, ஆனா அதை ஆஸ்பத்திரியிலதான் செய்யணுமாம்"னு சொல்லுங்க, அவங்களுக்கும் மரியாதையா இருக்கும்.

ரயிலும் பார்க்கும்

பாலருவி ராத்திரி கிளம்புத வண்டி. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில போகும்போது இருட்டு, போன் சிக்னலும் விட்டு விட்டுத்தான் வரும், பக்கத்துல ஆஸ்பத்திரி கிடையாது. அதனால வீட்டுலயே வயிறு நிறைய சாப்பிட வச்சு ஏத்துங்க, வண்டியில ஒண்ணும் வாங்கிக் குடுக்காதீங்க, எதிர் சீட்டுக்காரங்க அன்பா நீட்டுத முறுக்கையும் சேர்த்துத்தான் சொல்லுதேன். பெர்த்தை ஈரத்துணியால துடைச்சிருங்க, முன்னாடி உக்காந்தவங்க கடலை உரிச்சிருப்பாங்க. ரயில்ல உதவிக்கு 139.

கடலை வாசம் பத்தி கேட்டிருந்தீங்க. வாசம் மட்டும் பட்டு அனஃபிலாக்சிஸ் வராது, வாசத்துல புரதம் இல்ல. தோல்ல பட்டா பெரும்பாலும் அந்த இடத்துல தடிப்போட நிக்கும். கை வாய்க்குப் போறதுலதான் ஆபத்து. ரைடு கம்பியை நூறு கை பிடிச்சிருக்கும், அதுல வறுத்த கடலை தின்ன கையும் உண்டு. சாப்பிடுததுக்கு முன்னாடி சோப்பு போட்டு கழுவணும், இல்லன்னா ஈர வைப்ஸால துடைக்கணும். சானிடைசர் கிருமியைக் கொல்லும், கடலைப் புரதத்தை எடுக்காது.

மருந்துப் பை விஷயத்துலதான் பார்க்ல எல்லாரும் கோட்டை விடுவாங்க. தண்ணி ரைடுக்குப் போகும்போது எல்லாப் பையையும் லாக்கர்ல போட்டுருவோம்லா, மருந்தும் அதோட போயிரும். அப்படி விடக் கூடாது. பிள்ளை எங்க நிக்கானோ அங்க, நனையாம கரையில ஒரு பெரியவங்க பையோட நிக்கணும். ஆள் மாறும்போது "இப்ப பை உன்கிட்ட"ன்னு வாய் திறந்து சொல்லி, கையில குடுத்து மாத்தணும். ஊசி போடத் தெரியாதவங்க கையில பை இருந்தா பிரயோஜனம் இல்ல.

இன்னொரு சிக்கல், தீம் பார்க்ல அலர்ஜி அறிகுறியும் சாதாரண களைப்பும் ஒண்ணு மாதிரியே இருக்கும். ராட்டினம் சுத்தி இறங்குன பிள்ளை வாந்தி எடுப்பான், கத்திக் கத்தி தொண்டை கரகரக்கும், தண்ணியும் வெயிலும் பட்டு தோல் செவக்கும். அப்ப உங்களுக்கு நீங்களே கேக்க வேண்டியது: கடைசி ரெண்டு மணி நேரத்துல என்ன சாப்பிட்டான்? நம்ம பையில இருந்ததா, வெளிய உள்ளதா? சட்டையைத் தூக்கி வயிறு, முதுகுல தடிப்பு இருக்கான்னு பாருங்க. ரைடுல வந்த வாந்தின்னா கொஞ்சம் உக்கார வச்சா தெளிஞ்சிருவான். வாந்தியோட இருமல், தடிப்பு, உதடு வீக்கம், குரல் மாற்றம், துவளுததுன்னு இன்னொண்ணும் சேர்ந்தா யோசிக்காதீங்க, ஊசிதான்.

சாப்பாடு: சட்டம் எது வரைக்கும் துணை வரும்

இந்த மாதிரி பார்க்ல பொதுவா வெளிச்சாப்பாட்டை உள்ள விட மாட்டாங்க. 2023 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு சொல்லிச்சு, தியேட்டர்காரங்க வெளிச்சாப்பாட்டைத் தடுக்கலாம், ஆனா இலவசமா குடிதண்ணி குடுக்கணும், கைக்குழந்தைக்கு பெத்தவங்க கொண்டு வர்ற உணவைத் தடுக்கக் கூடாதுன்னு. அது தியேட்டர் வழக்கு, உங்க பையனும் கைக்குழந்தை இல்ல, அதனால அதைக் காட்டி வாசல்ல சண்டை போட முடியாது. போறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே பார்க்குக்கு மெயில் போடுங்க. பிள்ளைக்கு உயிருக்கு ஆபத்தான உணவு அலர்ஜி, டாக்டர் லெட்டர் இணைச்சிருக்கேன், ஒரு பிள்ளைக்கான சாப்பாடும் மருந்தும் உள்ள கொண்டு வர அனுமதி வேணும்னு மரியாதையா கேளுங்க. பதில் வந்தா பிரிண்ட் எடுத்து வச்சுக்கிடுங்க. முடியாதுன்னு சொல்லிட்டாங்கன்னா, வெளிய வந்து சாப்பிட்டுட்டு திரும்ப உள்ள போக விடுவாங்களான்னு டிக்கெட் போடுததுக்கு முன்னாடியே கேட்டுக்கிடுங்க.

பாக்கெட் உணவுல சட்டம் நமக்கு நல்லாவே துணை நிக்கு. நம்ம நாட்டு 2020 லேபிள் விதிப்படி கடலை, மர நட்டு, பால், முட்டை, மீன், சோயா, கோதுமை மாதிரி குளூட்டன் தானியம், இறால் நண்டு வகை, சல்பைட் இதெல்லாம் இருந்தா அலர்ஜி அறிவிப்பா போட்டாகணும். எள்ளு அந்த லிஸ்ட்ல இல்ல, எள் ஆகாத பிள்ளைகளைப் பெத்தவங்க சேர்மானம் முழுக்க படிக்கணும். "கடலை, நட்டு இருக்கலாம்"னு போட்டிருந்தா உங்க பையனுக்கு அது வேண்டாம். பத்து கிளையோ அதுக்கு மேலயோ உள்ள பெரிய ஹோட்டல் செயின்கள் மெனுவுலயே அலர்ஜி விவரம் காட்டணும்னு அதே விதியில இருக்கு, கூச்சப்படாம கேளுங்க. ஃபுட் கோர்ட்டுல போர்டை மட்டும் நம்பாதீங்க. வெள்ளைக் குருமா, பட்டர் மசாலா, பிரியாணி எல்லாத்துலயும் அண்டிப்பருப்பு அரைச்சு ஊத்துவாங்க, கண்ணுக்கே தெரியாது. ஸ்கூப் ஐஸ்கிரீம் வேண்டாம், பட்டர்ஸ்காட்ச் எடுத்த கரண்டியிலதான் வெண்ணிலாவும் எடுப்பாங்க. ஒரே மிக்ஸியில எல்லா ஷேக்கும் அடிப்பாங்க. உருளைக்கிழங்கு பொரிக்குத எண்ணெய்ல வேற என்ன பொரிஞ்சதுன்னு யாருக்கும் தெரியாது.

கொச்சியில பேசும்போது ஒண்ணு முக்கியம். அங்க "கடல"ன்னா கொண்டைக்கடலை. நீங்க "கடலை இருக்கா"ன்னு கேட்டா அவங்க மனசார இல்லைன்னுருவாங்க. நிலக்கடலைக்கு அங்க கப்பலண்டின்னு கேக்கணும், அண்டிப்பருப்பு நம்ம சொல்லுத மாதிரியேதான். மலையாளத்துல எழுதுன ஒரு சீட்டை கையில வச்சு சமையல்காரர்கிட்டயே காட்டுங்க, பரிமாறுதவருக்கு உள்ள என்ன சேர்த்தாங்கன்னு தெரியாது.

மத்தபடி நம்ம கட்டுச்சோறுதான் கை குடுக்கும். கடலை போடாத புளியோதரை, எலுமிச்சை சாதம், எள்ளுப்பொடி நல்லெண்ணெய் தடவுன இட்லி, எள் அவனுக்கு ஒத்துக்கிடுதுன்னு எழுதிருக்கீங்க, அதனால தைரியமா கொண்டு போங்க. புளிச்சோறு சட்டுனு கெடாது. அங்க போய் நேந்திரம்பழம், இளநீர் வாங்கிக்கிடலாம். மைனி பிள்ளைகளுக்கும் அன்னைக்கு தின்பண்டம் உங்க பையில இருந்தே குடுங்க, எல்லாரும் ஒண்ணையே தின்னா இவன் மட்டும் ஓரமா நின்னு வேடிக்கை பாக்க வேண்டியதில்ல. பெரிய பிள்ளைககிட்ட, "தம்பிக்கு நீங்க எதுவும் வாயில வைக்கக் கூடாது, அம்மாகிட்ட கேட்டுத்தான்"னு முன்னாடியே சொல்லி வைங்க, பிள்ளைக இதை நம்மளை விட ஒழுங்கா காப்பாத்தும்.

ஏதாவது ஆயிட்டா

படுக்க வச்சு காலை லேசா தூக்கி வைங்க. மூச்சு வாங்குதுன்னா சாய்ஞ்சு உக்காரட்டும், வாந்தின்னா ஒருக்களிச்சு படுக்கட்டும். தூக்கிக்கிட்டு முதலுதவி அறைக்கு ஓடாதீங்க, நடக்கவும் விடாதீங்க, திடீர்னு நிமிர்த்துனா ரத்த ஓட்டம் சட்டுனு குறையும். இருந்த இடத்துலயே ஊசி போடுங்க, பார்க் ஆளை உங்ககிட்ட வரச் சொல்லுங்க, இன்னொருத்தர் 108க்கு அடிக்கட்டும், கேரளாவுலயும் அதே நம்பர்தான். 5 நிமிஷத்துல தெளிவு வரலன்னா இன்னொரு டோஸ். ஊசிக்கு அப்புறம் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், முகம் வெளுக்கும், கொஞ்ச நேரத்துல அடங்கிரும். தேவையில்லாம போட்டுட்டோமோங்குத பயம் உங்களுக்கு வரும். இந்த அளவுல, தசையில போட்ட ஊசியால பிள்ளைக்கு பெரிய கெடுதல் வராது, தாமதத்தாலதான் வரும்.

நல்லா ஆயிட்டான்னு ஆஸ்பத்திரி போகாம விட்றாதீங்க. சில பேருக்கு மணிக்கணக்கு கழிச்சு மறுபடியும் கிளம்பும். குறைஞ்சது நாலு முதல் ஆறு மணி நேரமாவது ஆஸ்பத்திரியில கண்காணிப்புல இருக்கணும், அன்னைக்கு ராத்திரியே மலைப்பாதை ரயில்ல ஏறக் கூடாது, டிக்கெட் போனா போகட்டும். காக்கநாடு, ஆலுவா பக்கம் பெரிய ஆஸ்பத்திரிங்க இருக்கு, குழந்தைகளுக்கு 24 மணி நேர எமர்ஜென்சி எங்க உண்டுன்னு கிளம்புறதுக்கு முன்னாடியே போன் போட்டு விசாரிச்சு நம்பரை ரெண்டு போன்லயும் ஏத்திக்கிடுங்க.

இந்த வாரமே குழந்தை டாக்டரைப் பாருங்க. போகும்போது அந்த லேப் ரிப்போர்ட்டை மட்டும் கொண்டு போகாம, பையன் எதை, என்னைக்கு, எவ்வளவு சாப்பிட்டான், என்ன ஆச்சுன்னு ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டுப் போங்க. அட்ரினலினும் பயிற்சியும் இப்பவே முடியட்டும். பால், முட்டை, கோதுமைய திரும்பத் தொடங்குததை ட்ரிப் முடிஞ்சு வந்து நிதானமா வச்சுக்கிடலாம், ஆனா அதுக்கான தேதியையும் இந்தத் தடவையே கேட்டு வாங்கிட்டு வந்துருங்க, இன்னொரு எட்டு மாசம் தள்ளிப் போகக் கூடாது.